திருமுகமும் களஞ்சியமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், நகர எல்லையைக் கடந்ததும் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தென்படத் தொடங்கும். அவற்றை ஒட்டி அமைந்த ஊர் செம்மங்குப்பம். இரசாயன ஆலைகள், இருப்புப்பாதை, கிழக்கே கடல். இவற்றுக்கிடையே மிஞ்சிய நிலத்தில் பயிரும் நடக்கிறது. அங்கே விளைவது எதுவாயினும் ஒரு கணக்கில் ஏறியாக வேண்டும். அதற்கு அடங்கல் என்று பெயர். ஜூலை முதல் நாள் பிறக்கும் பசலி ஆண்டில், எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, என்ன பாசனம் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கு அது. முன்பு கர்ணம் எழுதினார். 1980இல் அப்பதவி ஒழிக்கப்பட்டபின் கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார்.

அந்த எண் அங்கேயே தங்கிவிடுவதில்லை. குறுவட்டம், வட்டம், மாவட்டம் எனக் கூட்டப்பட்டுச் சென்னைக்கும், பின்னர் தில்லிக்கும் போகிறது. அங்கிருந்து ரோம் நகரில் இருக்கும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்புகிறது. நம்மூர் வரப்பில் தொடங்கும் எண்ணுக்கு இவ்வளவு நீண்ட பயணம் எதற்காக? பசி வருமுன் அதை அறிந்துகொள்வதற்காக என்பதே விடை. அவ்வாறு அறிந்ததை ஆசிய நாடுகள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. வானத்தையும் கடலையும் பற்றிய செய்திகளைத் தயங்காமல் பகிர்ந்துகொண்ட நாடுகள், தானியத்தைப் பற்றிய செய்தியில் மட்டும் கையைப் பொத்திக்கொண்டன. அது ஏன் என்று விளங்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

*

தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நம் கிராமங்களில் நினைவுகூரப்படும் 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். அறியாமையால் நேர்ந்த பேரிடர் என்று அதைச் சொல்ல முடியாது. மழை பொய்த்த செய்தியும், சந்தையில் தானிய விலை ஏறிய செய்தியும் மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகள் வழியே சென்னைக்கு வந்தவண்ணம் இருந்தன. தந்திக் கம்பி இருந்தது, புகைவண்டியும் இருந்தது. ஆனால் தந்தியை அரசாங்கத்தைவிட விரைவாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் வணிகர்கள். ஓரூரில் விலை ஏறிய செய்தி மறுநாளே நூறு கல் தொலைவிலும் விலையை ஏற்றியது. காவிரிப் பாசனத்தில் விளைச்சல் கண்ட தஞ்சைப் பகுதி நிலவுடைமையாளர்களுக்கு அந்த விலை இலாபமாயிற்று. பெல்லாரியிலும் கர்நூலிலும் சேலத்திலும் கூலியாட்களுக்கு அதே விலை மரணமாயிற்று.

சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தார். ஒரு வணிக நிறுவனத்தின் வழியாக, வெளியே தெரியாமல், 30,000 டன் தானியம் வாங்கினார். வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. தனியார் வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அக்காலத்து ஆட்சியாளர்களுக்கு வேதவாக்கு. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்வோரின் கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற கணக்கில் குறைக்கப்பட்டது. அந்த அளவு உயிர் தரிக்கப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் வாதாடினார். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாண்டு வளர்ச்சியைக் காட்ட வேண்டிய இடத்தில் மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்திருப்பதைக் காட்டியது.

இப்பஞ்சத்தைப் பாடிய தமிழ் நூல்களுள் வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' தனித்துவமானது. பசியால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். கடவுளோ, தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்பதுபோல, சிவகங்கை ஜமீந்தாருக்கு ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்து அவர்களை அனுப்பிவைக்கிறார். அங்கதம்தான். எனினும் அந்த அங்கதத்தில் ஒரு கூர்மையான அரசியல் அறிவு இருக்கிறது. பஞ்சம் பற்றிய செய்தி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், களஞ்சியத்தின் சாவி வைத்திருப்பவர் பெயருக்கு அது எழுதப்பட்டிருக்க வேண்டும். அவரும் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். முகவரி இல்லாத திருமுகம் யார் வயிற்றையும் நிரப்பாது.

*

பஞ்சம் ஓய்ந்தபின் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் மாகாணந்தோறும் பஞ்சச் சட்டத் தொகுப்புகள் உருவாயின. பசியை முன்கூட்டி அறிவதற்கான முதல் ஒழுங்கான ஏற்பாடு என்று இவற்றைச் சொல்லலாம். மழையின்மை மட்டும் குறியல்ல. விலையேற்றம், கடன் கிடைக்காமை, பிச்சை இடுவது குறைதல், சில்லறைத் திருட்டுகள் பெருகுதல், மக்கள் ஊர்விட்டு ஊர் அலைதல் ஆகிய யாவும் அறிகுறிகளாகக் கணக்கில் கொள்ளப்பட்டன. ஐயம் ஏற்பட்ட இடத்தில் 'சோதனை வேலை' ஒன்றைத் திறக்க வேண்டும். கடும் உழைப்பு, குறைந்த கூலி. அதற்கும் மக்கள் வந்து குவிந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று பொருள். பசித்தவனின் உடலையே அளவுகோலாக்கிய இம்முறையின் கொடுமையையும் அறிவுத்திறனையும் ஒருசேர வியக்க வேண்டியிருக்கிறது.

அதே 1877இல் வேறொரு தளத்தில் ஒரு தகவல் பகிர்வு நிகழ்ந்துகொண்டிருந்தது. இந்திய அரசின் வானிலை அதிகாரி ஹென்றி ப்ளான்ஃபோர்ட், காற்றழுத்தம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருப்பதைக் கவனித்தார். இது இந்தியாவில் மட்டுமா என்றறிய அண்டை நாடுகளின் ஆய்வாளர்களிடம் அளவீடுகள் கேட்டுப் பெற்றார். ஆஸ்திரேலியா வரையிலும் அதே நிலை. இந்தியாவில் மழை பொய்க்கும்போது ஆஸ்திரேலியாவிலும் வறட்சி நேர்வதை 1888இல் அடிலெய்டின் சார்லஸ் டாட் சுட்டிக்காட்டினார். இந்தியப் பருவமழையை முன்னறிய முயன்ற கில்பர்ட் வாக்கர் உலகெங்கிலுமிருந்து அளவீடுகளைத் திரட்டி, 1924இல் 'தெற்கு அலைவு' என்ற கருத்துக்குப் பெயரிட்டார். இன்று நாளிதழ்களில் அடிபடும் எல் நினோ பற்றிய அறிவின் ஒரு பாதி, இப்படிப் பஞ்சத்தின் வாசலில் பிறந்ததே. நாடுகள் காற்றழுத்தத்தை மறைக்கவில்லை. மறைத்து எவருக்கும் ஆதாயமில்லை.

*

தானியத்தின் கதை வேறு. வங்கக் கடலின் இரு கரைகளும் அரிசியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஐராவதி வடிநிலத்தில் செட்டியார்களின் முதலும் நம்மூர்க் கூலிகளின் உழைப்பும் சேர்ந்து விளைவித்த நெல், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றது. உலகப்போருக்கு முன் ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்குமேல் பர்மா அரிசி இந்தியாவில் இறங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அது அடியோடு நின்றது. உடனே இந்தியாவின் மாகாணங்கள் ஒன்றுக்கொன்று எல்லையை அடைத்துக்கொண்டன. தன் விளைச்சல் தனக்கே என்று ஒவ்வொரு மாகாணமும் கருதியது. அடுத்த ஆண்டு வங்கத்தில் நேர்ந்ததை நாம் அறிவோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, 1943இல் வங்கத்தில் பஞ்சச் சட்டம் கையில் இருந்தும் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படவில்லை என்பது. அறிவித்தால் நிவாரணம் அளிக்கும் கடமை எழும். அளிக்கத் தானியம் இல்லை. ஆகவே அறிவிக்காமல் இருந்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகளாகச் செப்பனிடப்பட்ட எச்சரிக்கை மணியை யாரும் அடிக்கவில்லை. ஆகஸ்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ், தெருவில் மடிந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அவ்வாண்டு உணவின் மொத்த இருப்பு பெரிதும் குறைந்துவிடவில்லை, அதை வாங்கும் உரிமையையே கிராமத்துக் கூலிகளும் மீனவர்களும் கைவினைஞர்களும் இழந்தனர் என்று 1981இல் 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் அமர்த்தியா சென் வாதிட்டார். இருப்பு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் முரண்படலாம். மொத்த விளைச்சல் எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பசியை அறிய முடியாது என்ற அவருடைய அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

இதே காலத்தில் அந்த எண்ணுக்கும் ஒரு மறுமலர்ச்சி வாய்த்தது. அதுவரை விளைச்சல் என்பது கர்ணத்தின் கண் மதிப்பு. இத்தனை அணா விளைச்சல் என்று எழுதுவது வழக்கம். 1920களில் பீகார், ஒரிசாப் பகுதியில் ஹப்பக் என்ற அதிகாரி, வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து சிறு பரப்பில் அறுத்து எடைபோட்டுப் பார்த்தார். பின்னர் வங்கத்தில் மகலனோபிஸும், தில்லியில் பி.வி. சுகாத்மேயும் இதை முறைப்படுத்தினர். தனிப் பணியாளர்களைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார் மகலனோபிஸ். இருக்கும் வருவாய்த் துறை ஊழியர்களைப் பயிற்றுவித்தால் போதும் என்றார் சுகாத்மே. சுகாத்மே 1951இல் உணவு வேளாண்மை நிறுவனத்தின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைவரானார். 1970 வரை அப்பணியில் இருந்தார். நம்மூர் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி நெல்லறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். ஆசிய நாடுகள் பலவற்றின் விளைச்சல் கணக்குக்கும் அந்தக் கயிற்றுக்கும் உறவு உண்டு.

*

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் ஆழிப்பேரலைக்கு 600க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதே கரையில், கடலூருக்கு வடக்கே புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவக் கிராமம் தப்பியது. சிங்கப்பூரில் வேலைபார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதன் வழியே எச்சரிக்கை ஊர் முழுக்கப் பரவி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு நகர்ந்தார்கள்.

அந்த மையம் திடீரென முளைத்ததன்று. 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கப்பட்ட திட்டத்தின் ஒரு கிளை அது. தானிய விலை, இடுபொருள், அரசுத் திட்டங்கள் ஆகியவற்றைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபரப்பினார்கள். உணவுக்கும் பிழைப்புக்குமாக அமைத்த செய்திப் பாதை உயிரைக் காத்தது.

இந்தியப் பெருங்கடல் நாடுகளும் பாடம் கற்றன. 2007இல் ஹைதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2011 முதல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் இக்கடலை ஒட்டிய நாடுகளுக்கு எச்சரிக்கைகளை வழங்கி வருகின்றன. இவை ஒன்றுக்கொன்று எல்லா விஷயத்திலும் நட்பு நாடுகள் அல்ல. எனினும் அலையின் உயரத்தை எவரும் மறைப்பதில்லை. ப்ளான்ஃபோர்டின் காற்றழுத்தம் போலவே அலைக்கும் விலை கிடையாது.

அரிசிக்கு விலை உண்டு. தன் கிடங்கு காலி என்று ஒரு நாடு வெளியே சொன்னால், விற்பவன் விலையை ஏற்றுவான். கிடங்கு நிறைந்திருக்கிறது என்று சொன்னால், வாங்குபவன் விலையை இறக்குவான், அண்டை நாட்டான் உதவி கேட்பான். 1972இல் சோவியத் ஒன்றியம் தன் விளைச்சல் பொய்த்ததைச் சொல்லாமல் அமெரிக்கக் கோதுமையை அள்ளிச் சென்றபோது உலகச் சந்தையே நிலைகுலைந்தது. அந்த அனுபவத்துக்கும் 1974ஆம் ஆண்டு உலக உணவு மாநாட்டுக்கும் பிறகே, உணவு வேளாண்மை நிறுவனம் தன் உலகளாவிய முன்னெச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது.

*

ஆசியாவுக்கென்றே ஓர் ஏற்பாடு 2003இல் வந்தது. ஆசியான் உணவுப் பாதுகாப்புத் தகவல் அமைப்பு என்று அதற்குப் பெயர். தலைமையகம் பாங்காக்கில், தாய்லாந்தின் வேளாண் பொருளாதார அலுவலகத்தில் இருக்கிறது. ஆசியான் நாடுகளோடு சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகியவையும் இதில் சேர்ந்தன. நெல், மக்காச்சோளம், சோயா, கரும்பு, மரவள்ளி ஆகிய ஐந்து பயிர்களின் பரப்பும் விளைச்சலும் தொகுக்கப்பட்டு முன்னறிக்கைகள் வெளியாயின. இந்தியா இதில் இல்லை.

ஐந்தே ஆண்டுகளில் இதற்குச் சோதனை வந்தது. 2007-08இல் உலக நெல் விளைச்சல் குறையவில்லை. உண்மையில் அது உயர்ந்திருந்தது. ஆனால் கோதுமை விலையேற்றத்தைக் கண்டு அஞ்சிய இந்தியா 2007 அக்டோபரில் பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வியட்நாம் தொடர்ந்தது. பிலிப்பைன்ஸ் பதறிப்போய்க் கிடைத்த விலைக்கு வாங்கியது. டன் 400 டாலருக்கும் கீழே இருந்த தாய்லாந்து அரிசி சில மாதங்களில் 1000 டாலரை எட்டியது. சிதர் புயலால் பாதிக்கப்பட்ட வங்கதேசத்துக்கு இந்தியா வாக்களித்த 5 லட்சம் டன் அரிசிக்கு என்ன விலை என்ற பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. 1942இல் மாகாணங்கள் செய்ததை இப்போது நாடுகள் செய்தன.

அந்த நெருக்கடி தணிந்த விதம் வியப்பளிப்பது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக இறக்குமதி செய்து, தன் மக்கள் உண்ணாமல் கிடங்கில் தேங்கியிருந்த அரிசியைப் பிலிப்பைன்சுக்கு விடுவிக்கத் தயார் என்று 2008 மே மாதத்தில் ஜப்பானிலிருந்து செய்தி கசிந்தது. விலை சரியத் தொடங்கியதில் இதற்குப் பெரும் பங்குண்டு என்பது இத்துறை ஆய்வாளர் சிலரின் முடிவு. அந்த அரிசி கப்பல் ஏறவேயில்லை. விளைச்சல் முன்னறிக்கைகளால் தணிக்க முடியாத அச்சத்தை, உண்மையான கிடங்கொன்றைச் சுட்டிய ஒரே செய்தி தணித்தது. சொக்கநாதர் எழுதிய திருமுகத்தின் சூட்சுமமும் அதுதானே.

இப்பாடம் வீணாகவில்லை. 2011இல் கையெழுத்தாகி 2012இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி அதே பதின்மூன்று நாடுகளும் 7,87,000 டன் அரிசியை அவசரக் கையிருப்பாக ஒதுக்கின. இதில் சீனாவின் பங்கு 3,00,000 டன், ஜப்பான் 2,50,000, தென்கொரியா 1,50,000, ஆசியான் நாடுகள் அனைத்தும் சேர்ந்து 87,000. பெரும்பகுதி அந்தந்த நாட்டுக் கிடங்கிலேயே இருக்கும் வாக்குறுதிதான். ஆயினும் 2013இல் ஹையான் புயல் தாக்கியபின் பிலிப்பைன்சுக்கு இந்த வழியில் அரிசி சென்றது. தகவல் அமைப்புக்கு அருகிலேயே ஒரு களஞ்சியமும் அமைந்துவிட்டது.

நம் தெற்காசியாவின் நிலை இதற்கு நேர்மாறு. சார்க் நாடுகள் ஆசியானின் இந்த ஏற்பாட்டுக்கு வெகுகாலம் முன்பே, 1987இல் உணவுக் கையிருப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2007இல் அதைச் சார்க் உணவு வங்கி என்று புதுப்பித்தன. 2,41,580 டன் தானியம் அதில் குறிக்கப்பட்டது. ஆனால் விலையை யார் முடிவு செய்வது, நெருக்கடி என்று யார் அறிவிப்பது என்ற கேள்விகளில் அது பெரும்பாலும் தாளோடு நின்றுபோயிற்று. 2023 ஜூலையில் இந்தியா மீண்டும் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் நம்மவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. அச்சம் எந்த வேகத்தில் பயணிக்கிறது என்பதற்கு 1876இன் தந்தி போதும். இன்று கைபேசி அதன் பேரப்பிள்ளை.

*

மீண்டும் அடங்கலுக்கு வருவோம். இப்போது அது கணினியில் ஏறிவிட்டது. 2024 நவம்பரில் தமிழகத்தில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்கள் கைபேசியோடு வயல்களில் இறக்கப்பட்டார்கள். கரடுமுரடான வரப்புகளில் அவர்கள் பட்ட பாடு செய்தியாயிற்று. எண் இனி இன்னும் விரைவாக ரோமுக்கும் தில்லிக்கும் போகும். ஆனால் பட்டா இல்லாத குத்தகைதாரரும், வேலை நின்றுபோன கூலிப் பெண்ணும் பயிர்க் கணக்கில் தெரிவதில்லை. கடன் கிடைக்காமை, ஊர்விட்டுப் போதல் என்று 1880ஆம் ஆண்டுக் குழு பட்டியலிட்ட அறிகுறிகளில் பலவற்றை நம் புதிய கருவிகள் கேட்பதே இல்லை.

இந்தச் சாலையிலிருந்து மேற்கே சென்றால் வடலூர் வரும். 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். முந்தைய ஆண்டுகளின் பஞ்சம் மக்கள் மனத்தில் ஆறாதிருந்த காலம். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பசித்தவர் வந்து அமர்வதே செய்தி. அந்தச் செய்தி வந்து சேரும் இடத்திலேயே உலை கொதிக்கிறது. ஒரு கண்டத்துக்குத் தருமச்சாலை நடத்த முடியாது என்பது தெரிந்ததே. கண்டத்துக்குக் கணக்கும் கப்பலும் ஒப்பந்தமும் வேண்டும். ஆனால் பாங்காக்கிலும் ரோமிலும் தில்லியிலும் கூடிப் பேசுகிறவர்கள், தங்கள் தகவல் அமைப்பின் பயனை அளக்க விரும்பினால், அதற்கான அளவுகோல் வடலூரில் இருக்கிறது. செய்தி வந்து சேரும் இடத்துக்கும் உலை எரியும் இடத்துக்கும் இடையே எத்தனை காத தூரம் என்பதே அந்த அளவு. 1877இல் அந்தத் தூரத்தைக் கடக்கும் வழியில் மாண்டவர்களின் எண்ணிக்கை எந்த அடங்கலிலும் ஏறவில்லை.